கிளேர் பள்ளத்தாக்கு: சிறு ஒயினரிகளுக்குச் சோறு போடும் ரீஸ்லிங்

அடிலெய்டிலிருந்து வடக்கே காரில் சுமார் ஒன்றரை மணி நேரம் போனால் ஆபர்ன் வரும். அதன்பின் லீசிங்ஹாம், வாட்டர்வேல், பென்வொர்த்தம், செவன்ஹில் என்று ஒரே சாலையில் சிற்றூர்கள் வரிசையாக வந்து கிளேர் நகரில் முடியும். தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு இதுதான். இந்தச் சிறிய இடத்துக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒயினரிகள் இயங்குகின்றன. பெரும்பாலானவை குடும்பத்துக்குச் சொந்தமானவை. கணவன் தோட்டத்தையும் மனைவி கணக்கையும் பார்ப்பார்கள், மகளோ மகனோ தொட்டிகளைப் பார்த்துக்கொள்வார்கள். பல இடங்களில் சம்பளத்துக்கு இருப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

ஆஸ்திரேலியாவில் ஒயினரிகளின் எண்ணிக்கை 2,000-க்கும் மேல். ஆனால் கடைத்தட்டில் இருக்கும் ஒயினில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய நிறுவனங்களுடையது. அப்படிப்பட்ட சந்தையில் ஆண்டுக்கு மூவாயிரம் டஜன் பாட்டில் தயாரிக்கும் ஒரு குடும்பம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? தரம், பாரம்பரியம், மண் என்று பதில் வரும். அவையெல்லாம் உண்மைதான், ஆனால் அவை மட்டும் வங்கித் தவணையைக் கட்டிவிடாது. கிளேரில் சிறு ஒயினரிகளை நிறுத்தி வைத்திருப்பது ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் நாட்காட்டி. பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ பறித்தது ஜூலை, ஆகஸ்டில் பாட்டிலுக்குள் போய், வசந்தகாலம் தொடங்கும் செப்டம்பரில் காசாகத் தொடங்கிவிடும். புது ஓக் பீப்பாய் வேண்டாம், ஆண்டுக்கணக்கில் இருப்பு வைக்க வேண்டாம். பரப்பளவில் இங்கே முதலிடம் ஷிராஸ் என்ற சிவப்புத் திராட்சைக்குத்தான். ஆனால் அன்றாடச் செலவுக்குப் பணம் தருவது ரீஸ்லிங்.

இங்கே ஒயின் தொடங்கியது வியாபாரத்துக்காக அல்ல. 1848-இல் மத்திய ஐரோப்பாவின் சிலேசியாவிலிருந்து கத்தோலிக்கர்கள் புறப்பட்டு வந்தபோது ஆஸ்திரிய இயேசு சபைக் குருக்களும் உடன் வந்தார்கள். அவர்கள் 1851-இல் செவன்ஹில்லில் நிலம் வாங்கி, திருப்பலிக்கான ஒயினுக்காகக் கொடி நட்டார்கள். அவர்கள் தொடங்கிய ஒயினரி இன்றும் இயங்குகிறது, திருப்பலி ஒயின் இன்றும் அங்கிருந்து போகிறது. வெண்டூரி தோட்டத்தில் 1893-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. இன்று நாம் பார்க்கும் சிறு குடும்ப ஒயினரிகளில் பல 1970-க்குப் பிறகு வந்தவை: மிட்செல் 1975, குரோசெட் 1981, பைக்ஸ் 1984. மவுண்ட் ஹாரக்ஸ் என்ற சிறு ஒயினரியின் விற்பனைக்கூடம் ஆபர்னின் பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் இருக்கிறது. 1983 பிப்ரவரிக் காட்டுத்தீயில் சேதமான அந்த ரயில் பாதை மூடப்பட்டது. தண்டவாளம் போன தடத்தில்தான் இப்போது ‘ரீஸ்லிங் டிரெயில்’ என்ற 35 கிலோமீட்டர் சைக்கிள் பாதை ஓடுகிறது.

வரைபடத்தைப் பார்த்தால் இது வெப்பமான இடம். ஆனால் தோட்டங்கள் கடல்மட்டத்திலிருந்து 400 முதல் 500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கோடையிலும் இரவு குளிர்ந்துவிடுகிறது. பகல் சூட்டில் சர்க்கரை ஏறுகிறது, இரவுக் குளிரில் புளிப்பு கரையாமல் நிற்கிறது. வாட்டர்வேலில் சுண்ணாம்புப் பாறைமேல் செம்மண். அந்த ஒயின் எலுமிச்சை வாசத்துடன் இளமையிலேயே மனம் திறக்கும். போலிஷ் ஹில் ரிவர் பக்கம் பலகைப்பாறை நிலம். அங்கே விளைவது இறுக்கமாக இருக்கும், ஐந்தாறு ஆண்டு பொறுத்தால்தான் வழிக்கு வரும். கையில் பணம் குறைவாக உள்ள குடும்பத்துக்கு முதலாவது வசதி. இரண்டாவதுக்குப் பொறுமையுள்ள வாடிக்கையாளர்கள் வேண்டும்.

ஒரு டன் ரீஸ்லிங்

நல்ல ரீஸ்லிங்குக்குப் பறிப்பு நாளே பாதி வேலை. சாற்றின் சர்க்கரை 11.5 முதல் 12.5 போமே, பிஹெச் 2.9 முதல் 3.1, புளிப்பு லிட்டருக்கு 7 முதல் 9 கிராம். இந்த மூன்றும் கூடிவரும் இடைவெளி சில நாட்கள்தான். ஒரு போமே ஏறத்தாழ ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறும். பரிசோதனைக்கு 100, 200 பழங்களை எடுக்கும்போது வரிசையின் இரு பக்கமும், குலையின் மேல், நடு, கீழ் என எல்லா இடத்திலும் எடுக்க வேண்டும். கண்ணுக்கு முதலில் படுவது வெயில் பக்கத்து மஞ்சள் பழம். அதை மட்டும் எடுத்தால் அளவு ஒரு போமே வரை கூடுதலாகக் காட்டும். தோட்டம் பழுத்துவிட்டது என்று நம்பி அறுவடை இயந்திரத்தை வரச்சொல்லிவிட்டால், தொட்டிக்குள் வந்து சேர்வது பச்சைக் காய்ச் சுவை.

பறிப்பு நள்ளிரவுக்குப் பின் தொடங்கி விடியலுக்குள் முடியும். இருபது டிகிரிக்குக் கீழே உள்ள பழத்தைக் குளிர்விக்க ஆகும் மின்சாரம் முப்பத்தைந்து டிகிரிப் பழத்துக்கு ஆவதில் ஒரு பகுதிதான். அதோடு சூடான பழம் உடைந்தால் தோலிலிருந்து கசப்பு சாற்றில் இறங்கும், காற்றுப் பட்டுப் பழுப்பேறும். இதைத் தடுக்கப் பழம் விழும் தொட்டியிலேயே பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் தூவுகிறார்கள். அந்தத் தூளின் எடையில் 57 சதவீதம்தான் சல்ஃபர் டை ஆக்சைடாகக் கணக்கில் வரும். 1,000 லிட்டருக்கு 100 கிராம் போட்டால் லிட்டருக்குச் சுமார் 57 மில்லிகிராம். திறந்து ஓராண்டான பொட்டலத்தில் வீரியம் இறங்கியிருக்கும். சாறு ஏன் பழுப்பேறியது என்று தலையைச் சொறிபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பொட்டலத்தின் தேதியை.

காற்றுப்பை பிழிபொறியில் முதலில் தானாக வடியும் சாறும் மென்மையான அழுத்தத்தில் வருவதும் சேர்ந்து டன்னுக்கு 500 முதல் 550 லிட்டர். முதல்தர லேபிளுக்குப் போவது இதுதான். அதற்குமேல் அழுத்தினால் இன்னும் 100, 150 லிட்டர் கிடைக்கும், ஆனால் பிஹெச் ஏறும், நாக்கில் துவர்ப்பு நிற்கும். எங்கே வெட்டுவது என்பதை மீட்டர் சொல்லாது. பிழிபொறியின் அடியில் குவளை வைத்துக் கால்மணிக்கொரு தரம் ருசி பார்க்க வேண்டும். பெரிய ஆலையில் நிமிடக் கணக்கில் நடக்கும் இந்த முடிவைச் சிறு ஒயினரியில் உரிமையாளரே நின்று எடுக்கிறார். சிறியவர்களுக்கு இருக்கும் உண்மையான தொழில்நுட்ப அனுகூலம் இது ஒன்றுதான் என்று சொன்னாலும் மிகையில்லை.

பிழிந்த சாற்றை 5 முதல் 10 டிகிரியில் ஓரிரு நாள் தெளியவிட்டு, மண்டியை விட்டு மேல்சாற்றை மாற்றுகிறார்கள். உலர் ஈஸ்ட் 100 லிட்டருக்கு 20 முதல் 25 கிராம். அதை எடையைப்போல் பத்து மடங்கு வெந்நீரில், 38 முதல் 40 டிகிரியில், இருபது நிமிடம் ஊறவைத்து, பிறகு குளிர்ந்த சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்க வேண்டும். ஈஸ்டுக்கும் தொட்டிக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த அதிர்ச்சியிலேயே பாதி செத்துப்போகும். மீதி சோம்பலாக வேலை செய்து, கடைசி ஒரு போமேயில் நின்றுவிடும். நொதித்தல் 12 முதல் 15 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் ஓடினால் வாசம் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் கிளம்பினால் பெரும்பாலும் சாற்றில் நைட்ரஜன் போதவில்லை என்று பொருள். டைஅம்மோனியம் ஃபாஸ்ஃபேட் 100 லிட்டருக்கு 25 கிராம் போட்டால் லிட்டருக்குச் சுமார் 53 மில்லிகிராம் நைட்ரஜன் ஏறும். இதை நொதித்தலின் முதல் பாதியிலேயே போட வேண்டும். கடைசியில் போட்டால் ஈஸ்டால் அதை எடுத்துக்கொள்ள முடியாது, கெட்ட நுண்ணுயிர்களுக்குத்தான் அது தீனியாகும்.

சிறு அளவில் தயாரிப்பவரை உண்மையில் படுத்துவது தொட்டிக் கணக்கு. 3.5 டன் ரீஸ்லிங் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாறு சுமார் 2,275 லிட்டர், தெளிந்தபின் 2,160. கையில் ஒரு 2,000 லிட்டர் தொட்டி இருக்கிறது. நொதிக்கும்போது நுரை பொங்குவதால் அதில் 1,800 லிட்டருக்கு மேல் விட முடியாது. மீதி 360 லிட்டருக்கு இன்னொரு 400 லிட்டர் கலன் வேண்டும். நொதித்து முடிந்ததும் விதி தலைகீழாகிறது: அதுவரை கரியமில வாயு காத்துவந்த மேல்வெளியில் இனிக் காற்று புகும், ஆகவே தொட்டி விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும். மண்டி நீக்கியபின் இருப்பது 2,080 லிட்டர். 2,000 லிட்டர் தொட்டியை நிரப்பிவிட்டு, மீதி 80 லிட்டரை ஒரு 50 லிட்டர், ஒரு 30 லிட்டர் எஃகுக் குடங்களில் அடைக்க வேண்டும். அந்தக் குடங்கள் இல்லாதவர், மீதியை 400 லிட்டர் கலனிலேயே விட்டு, மேல்வெளியில் நைட்ரஜனை ஊதிச் சாத்துவார். மூடியின் ரப்பர் வளையத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் மூன்று வாரத்தில் ஒயின் பொன்னிறமாகி, வெட்டி வைத்த ஆப்பிள் வாசம் அடிக்கும். புதிதாகத் தொழில் தொடங்குபவர் விலையுயர்ந்த பிழிபொறிக்கு முன் வெவ்வேறு அளவில் கலன்களை வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

அடுத்தது தெளிவு. கலங்கித் தெரியும் வெள்ளை ஒயினை யாரும் வாங்கமாட்டார்கள். புரதக் கலங்கலுக்குப் பெண்டோனைட் களிமண் லிட்டருக்கு 0.5 முதல் 1.5 கிராம். எவ்வளவு என்பதை மாதிரியை 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, கலங்கல் அளவைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். சூட்டுக்கு முன்னும் பின்னும் வித்தியாசம் 2 என்டியூவுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு) இருந்தால் தேறியது. தேவைக்கு மேல் போட்டால் வாசமும் சேர்ந்து போகும். குளிர்பெட்டியில் அடியில் சேரும் கண்ணாடித் தூள்போன்ற டார்டரேட் படிகங்கள் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனாலும் வாங்கியவர் பயந்து திருப்பி அனுப்புவார். அதனால் ஒயினை மைனஸ் 3 டிகிரியில் சில வாரம் வைத்துப் படிகத்தை முன்கூட்டியே விழவைக்கிறார்கள். ஒயினரியின் மின்கட்டணத்தில் பாதிக்கு மேல் குளிரூட்டலுக்கே போவதால், இப்போது சிலர் படிகம் கட்டாமல் தடுக்கும் செல்லுலோஸ் கோந்தைச் சேர்த்துச் செலவைக் குறைக்கிறார்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரு டன்னுக்குக் கையில் நிற்பது ஏறத்தாழ 600 லிட்டர், அதாவது 800 பாட்டில். எட்டு ஹெக்டேர் தோட்டம், ஹெக்டேருக்கு 6 டன் விளைச்சல் என்றால் 48 டன், 3,200 டஜன். ஒரு குடும்பம் தாங்களே தயாரித்துத் தாங்களே விற்கக்கூடிய அளவு ஏறத்தாழ இவ்வளவுதான்.

திருகுமூடி

கிளேர் என்றாலே ஒயின் உலகத்துக்கு நினைவு வருவது 2000-ஆம் ஆண்டு. அதுவரை மரத்தக்கைதான். தக்கையில் உருவாகும் டிசிஏ என்ற சேர்மம் லிட்டருக்கு இரண்டு முதல் ஐந்து நானோகிராம் இருந்தாலே ஈரச்சாக்கு வாடை அடிக்கும். ஓக் வாசம், பழக்கனம் எதுவும் இல்லாத ரீஸ்லிங்கில் அந்தக் குறை ஒளிய இடமில்லை. 1970-களிலேயே ஆஸ்திரேலியாவில் திருகுமூடியை முயன்றார்கள். மலிவான சரக்கு என்று மக்கள் ஒதுக்கியதால் கைவிடப்பட்டது. 2000-இல் கிளேரின் பத்துக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்கள் கூடிப் பேசி, அந்த ஆண்டின் ரீஸ்லிங்கைத் திருகுமூடியில் அடைத்தார்கள். தேவையான பாட்டில்களைப் பிரான்சிலிருந்து தருவித்தார்கள். தனி ஒருவர் செய்திருந்தால் கடைக்காரர் வேண்டாம் என்றிருப்பார். ஊரே சேர்ந்து செய்ததால் அவர்களுக்கு வேறு வழியில்லாமல் போனது. போட்டியாளர்கள் சேர்ந்து ஒரு செலவையும் ஒரு ஆபத்தையும் பகிர்ந்துகொண்ட இந்த முடிவு, அந்தப் பகுதியின் சிறு ஒயினரிகள் தங்களுக்குத் தாங்களே செய்துகொண்ட மிகப் பெரிய உதவி.

ஆனால் திருகுமூடி கவனக்குறைவை மன்னிக்காது. சிறு ஒயினரிகளுக்குச் சொந்தமாகப் பாட்டில் இயந்திரம் இருப்பது அரிது. லாரியில் ஏற்றிய இயந்திரம் வாசலுக்கு வந்து ஒரே நாளில் அடைத்துவிட்டுப் போகும். அந்த நாளில் பார்க்க வேண்டியது ஆக்சிஜன். ஒயினில் கரையும் ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன் நான்கு மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்சைடை விழுங்கும். லிட்டருக்கு 30 மில்லிகிராம் கட்டற்ற சல்ஃபரோடு (எதனோடும் பிணையாத சல்ஃபர் டை ஆக்சைடு) அடைக்கும் ஒயின், குழாயிலும் மேல்வெளியிலுமாக 5 மில்லிகிராம் ஆக்சிஜனை வாங்கிக்கொண்டால், சில வாரத்தில் 10-தான் மிஞ்சும். மூடி போடும் தலை சரியாக அழுத்தாமல் பாட்டில் உதட்டோரம் மடிப்பு ஆழம் குறைந்திருந்தால் வெளியிலிருந்தும் காற்று கசியும். அதனால் அரைமணிக்கொரு முறை சில பாட்டில்களை எடுத்து, மூடியைத் திறக்க ஆகும் திருகுவிசையை அளந்து பார்க்கிறார்கள். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. மூடி இறுக்கமாக இருப்பதால், அடைக்கும்போது ஒயினில் சிறிது கந்தக வாடை இருந்தாலும் உள்ளேயே வளர்ந்து, திறக்கும்போது எரிந்த தீக்குச்சி மணக்கும். அடைப்பதற்குச் சில வாரம் முன்பே மிகச் சிறிய அளவில் தாமிரம் சேர்த்துச் சோதித்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

பிஹெச் தாழ்ந்திருப்பதும் ரீஸ்லிங்குக்கு வரம். பிஹெச் 3.0-இல் கட்டற்ற சல்ஃபரில் 6 சதவீதம் நுண்ணுயிரைக் கொல்லும் வடிவில் இருக்கும். 3.5-இல் அது 2 சதவீதமாகச் சுருங்கும். வெள்ளையில் 30 மில்லிகிராம் செய்யும் வேலையைச் சிவப்பில் அதே அளவு செய்யாது.

சிவப்பில் சிக்கும் பணம்

ஷிராஸ், கேபர்னே இரண்டும் கிளேரில் அருமையாக வரும். ஒரு டன் பிடிக்கும் திறந்த தொட்டியில் தோலோடு நொதிக்கவிட்டு, மிதக்கும் தோல் அடுக்கை நாளுக்கு இரண்டு மூன்று முறை கையால் அமுக்கி, ஏழெட்டு நாளில் பிழிந்து பீப்பாய்க்கு அனுப்புகிறார்கள். செய்முறையில் ரகசியம் ஒன்றுமில்லை. காலம்தான் பிரச்சினை. பீப்பாயில் ஒன்றரை ஆண்டு, பாட்டிலில் இன்னும் ஆறு மாதம். ஆக, எந்த நேரத்திலும் கொட்டகைக்குள் மூன்று ஆண்டு அறுவடை குந்தியிருக்கும். 225 லிட்டர் பீப்பாய் ஒன்று 300 பாட்டில். ஒரு பிரெஞ்சு பீப்பாய் 1,800 டாலர் என்று கணக்குக்கு வைத்தால், முதல் ஆண்டு ஒயின் மட்டும் அதைச் சுமப்பதானால் பாட்டிலுக்கு 6 டாலர். பீப்பாயில் ஆண்டுக்குச் சில சதவீதம் ஆவியாகும். மாதத்துக்கு ஒருமுறையேனும் நிரப்பாவிட்டால் காற்று சேர்ந்து புளித்த வாடையோ, பிரெட்டனோமைசஸ் ஈஸ்டின் மாட்டுக்கொட்டகை வாடையோ வரும். ஒரு பீப்பாயில் வந்தது ஒரே குழாயால் பத்துப் பீப்பாய்க்குப் பரவும்.

அதனால்தான் சிவப்பை மட்டும் நம்பித் தொழில் தொடங்கிய சிறியவர்கள் மூன்றாம் ஆண்டில் திணறுகிறார்கள். ஒயின் நன்றாகவே இருக்கும். விற்கும் நாள் வருவதற்குள் கையிலிருக்கும் பணம் தீர்ந்துவிடும். போதாததற்கு, ஆஸ்திரேலிய ஒயின்மேல் சீனா 2020 நவம்பரில் தொடங்கி 2021 மார்ச்சில் உறுதியாக்கிய இறக்குமதித் தீர்வை, சில நிறுவனங்களுக்கு 218.4 சதவீதம் வரை போனது. நாடு முழுவதும் சிவப்பு ஒயின் தேங்கியது. 2024 மார்ச் இறுதியில் தீர்வை நீங்கியபோதும் தேக்கம் கரையவில்லை. சீனாவுக்கு ஒரு பாட்டில்கூட அனுப்பாத கிளேர் விவசாயியும், தான் விற்ற ஷிராஸ் பழத்தின் விலையில் அதன் அடியை உணர்ந்தார்.

முப்பது டாலர் யாருக்குப் போகிறது

ஆஸ்திரேலியாவில் ஒயினுக்கு இரண்டு வரி: பத்து சதவீத ஜிஎஸ்டி, அதோடு மொத்த விலையில் 29 சதவீத ஒயின் சமப்படுத்தல் வரி. இரண்டும் 2000 ஜூலை 1-இல் சேர்ந்தே வந்தன. தன் வாசலில் நேரடியாக விற்பவர், சில்லறை விலையில் பாதியை மொத்த விலையாகக் கொள்ளலாம். 30 டாலர் பாட்டிலுக்குப் பாதி 15, அதில் 29 சதவீதம் 4.35 டாலர். ஜிஎஸ்டி 2.73. ஆனால் தயாரிப்பாளருக்கு ஆண்டுக்கு 3.5 லட்சம் டாலர் வரை இந்த ஒயின் வரி திரும்பக் கிடைக்கும் (இதை 2026 ஜூலை முதல் 4 லட்சமாக்குவதாக 2025-இல் அரசு அறிவித்தது). நம் 3,200 டஜன் குடும்பம் அத்தனையையும் வாசலிலேயே விற்றாலும் வரி 1.67 லட்சம்தான். வரம்புக்குள் அடங்கிவிடும். ஆக, பாட்டிலுக்கு 27.27 டாலர் கையில் நிற்கிறது.

அதே பாட்டில் நகரத்துக் கடையில் அதே 30 டாலருக்கு விற்கட்டும். ஜிஎஸ்டி போக 27.27. கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் 18 சொச்சம். அதில் ஒயின் வரி கழிந்தால் 14. விநியோகஸ்தர் முப்பது சதவீதம் எடுத்தால் தயாரிப்பாளருக்கு 10 டாலருக்குச் சற்றுக் குறைவு. வரித் திருப்பம் சேர்ந்தாலும் 13-ஐ எட்டாது. பாட்டில், மூடி, லேபிள், பெட்டி, அடைப்புக் கூலி எல்லாம் சேர்த்து 3 டாலர் என்று வைத்தால், மிச்சத்தில்தான் கவாத்து, பறிப்பு, மின்சாரம், வட்டி, குடும்பத்தின் சாப்பாடு. இப்படிப் பாதிக்கும் கீழே போகும் வருமானத்தைப் பார்த்த யாரும், வாசல் விற்பனைக்கூடத்தை அலங்காரம் என்று நினைக்கமாட்டார்கள்.

வரித் திருப்பத்துக்கு நிபந்தனை உண்டு. 2018-இல் இறுகிய விதிப்படி, பழம் நசுக்கப்படும்போதே அதில் குறைந்தது 85 சதவீதம் உங்கள் உடைமையாக இருக்க வேண்டும். உங்கள் பெயர் பொறித்து, ஐந்து லிட்டருக்கு மேற்படாத கலனில் அடைத்திருக்க வேண்டும். தயாரான ஒயினை மொத்தமாக வாங்கி லேபிள் மட்டும் ஒட்டியவர்கள் வெளியே போனார்கள். சொந்தப் பழத்தைக் கூலிக்கு வேறு ஒயினரியில் பிழியச் சொல்பவர் உள்ளேதான். லேபிளில் ஊர், ஆண்டு, திராட்சை வகை போட்டால் அதற்கும் 85 சதவீத விதி இருக்கிறது. அதற்கான பதிவேடு எப்போது கேட்டாலும் காட்டும்படி இருக்க வேண்டும்.

வாசலுக்கு வந்தவரின் மின்னஞ்சல் முகவரிதான் அடுத்த ஆண்டின் மூலதனம். வெண்டூரி போன்ற ஒயினரி வாசலையே திறப்பதில்லை. தபால் பட்டியலில் இருப்பவர்களுக்கே எல்லாம் விற்றுத் தீர்ந்துவிடும். அது நூற்றாண்டு கடந்த கொடிகளும் பல பத்தாண்டு நம்பிக்கையும் சம்பாதித்த நிலை. மற்றவர்கள் வாரக்கடைசியில் கதவைத் திறந்து வைத்து, ஆறு பாட்டில் பெட்டியாகச் சந்தாதாரர்களுக்கு அனுப்பி, அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இந்தியாவுக்கு இந்தப் பாட்டில்கள் ஏன் வருவதில்லை என்று கேட்பவர்களுக்கு: 2022 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய ஒப்பந்தம், 5 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட பாட்டிலின் சுங்கத்தை 150-இலிருந்து 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேற்பட்டதை 75 சதவீதமாகவும் குறைத்தது. பத்தாண்டில் அவை 50, 25 என இறங்கும். கிளேரின் சிறு ரீஸ்லிங் பெரும்பாலும் முதல் பிரிவில் விழும். அதன்மேல் மாநில வரிகளும் உரிமங்களும். தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக்கின் கையில். முப்பது டஜன் விற்க அவ்வளவு காகித வேலையைத் தனி ஒரு குடும்பத்தால் தாங்க முடியாது.

வெயில், புகை, வேர்ப்பூச்சி

வெப்பம் கூடக் கூட அறுவடை முன்னே நகர்கிறது. அதைவிடத் தொல்லை, ரீஸ்லிங்கும் ஷிராஸும் ஒரே வாரத்தில் பழுத்துவிடுவது. முன்பு வெள்ளை முடிந்து தொட்டி காலியான பின் சிவப்பு வரும். இப்போது இரண்டும் ஒன்றாக வாசலில் நிற்கும், தொட்டியும் ஆளும் போதாது. வெயில் நேரடியாகப் பட்ட ரீஸ்லிங் பழத்தில் டிடிஎன் என்ற சேர்மத்துக்கான மூலங்கள் கூடி, இளம் ஒயினிலேயே மண்ணெண்ணெய் வாசம் தூக்கலாகும். அதனால் வடக்கு-தெற்காக ஓடும் வரிசையில் காலை வெயில் படும் கிழக்குப் பக்க இலையை மட்டும் விலக்கி, மேற்குப் பக்கத்தை மூடியே விடுகிறார்கள். சிலர் மாற்றுத் திராட்சைக்கும் போகிறார்கள். ஜிம் பேரி குடும்பம் கிரேக்கத் தீவான சாந்தோரினியின் அசிர்டிக்கோ வகையைக் கொண்டுவந்து 2016 அறுவடையிலிருந்து விற்கிறது.

காட்டுத்தீயில் தோட்டம் எரியாவிட்டாலும் புகை போதும். குவாயகால் போன்ற சேர்மங்கள் பழத்தில் சர்க்கரையோடு பிணைந்து ஒளிந்திருந்து, நொதித்தபின் சாம்பல் சுவையாக வெளிவரும். பழத்தை வாயில் போட்டுப் பார்த்தால் தெரியாது. சில கிலோ பழத்தைத் தனியே நொதிக்கவைத்து ருசிப்பதும் ஆய்வகச் சோதனையுமே வழி.

தெற்கு ஆஸ்திரேலியாவில் ஃபைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி இன்னும் நுழையவில்லை. பழைய கொடிகள் ஒட்டுப்போடாமல் சொந்த வேரில் நிற்பது அதனால்தான். மெல்பர்ன் அருகே யாரா பள்ளத்தாக்கில் 2006-இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. மெல்பர்னிலிருந்து யாராவைச் சுற்றிவிட்டு அதே காலணியோடு கிளேருக்கு வருபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கொடி வரிசைக்குள் இறங்கிப் படம் எடுக்க ஆசையாக இருக்கும், கேட்காமல் இறங்கக் கூடாது. அனுமதித்தால் மண்ணைத் தட்டிச் சுத்தம் செய்த காலணியை 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 60 விநாடி முக்கச் சொல்வார்கள். அது சடங்கு அல்ல, ஒரு பிடி மண் போதும் நூறாண்டுக் கொடியை அழிக்க.

போக நினைப்பவர்களுக்குப் புது ரீஸ்லிங் வாசலுக்கு வரும் செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். சிறு இடங்கள் வாரநாட்களில் பூட்டியிருக்கும், முன்கூட்டியே அழைத்துப் பேசிவிட வேண்டும். சுவைக்கத் தரும் 30 மில்லி ஒயினில் சுமார் 3 கிராம் ஆல்கஹால் உண்டு. ஐந்து ஒயின் என்றால் ஒன்றரை நிலையளவுக் குடி (ஒரு நிலையளவு 10 கிராம் ஆல்கஹால்). மூன்று இடம் ஏறி இறங்கினால் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் என்ற ஓட்டுநர் வரம்பைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. துப்புவதற்குக் கலயம் வைத்திருப்பார்கள், துப்பினால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பெட்டி வாங்கி வீட்டுக்கு அனுப்பச் சொல்வதானால் ஜனவரி, பிப்ரவரியைத் தவிர்க்கலாம். நாற்பது டிகிரியில் நிற்கும் லாரிக்குள் ஒயின் விரிந்து மூடியைத் தள்ளும். திருகுமூடிப் பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டிய அவசியமில்லை. பதினைந்து டிகிரிக்கு அருகே, வெளிச்சம் படாமல் வைத்தால் நல்ல வாட்டர்வேல் பத்தாண்டும், போலிஷ் ஹில் ரிவர் அதற்கு மேலும் தாங்கும்.